“கணக்கைப் பிறகு பார்த்துக்கலாம்மா”: வீட்டுச் சீரமைப்பு பில் எகிறினால் என்ன செய்வது?

ஜொகூரில் ஸ்கூடாய், மாசாய், கூலாய் வட்டாரத்துப் பழைய தாமான்களில் மணல் குவியல் இல்லாத தெருவைப் பார்ப்பது அரிது. பின்பக்கச் சமையலறையை நீட்டுவார்கள், முன்பக்கம் காருக்குக் கூரை போடுவார்கள். கணவர் விடியும் முன்பே பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விடுவார். வேலை நடக்கும் இடத்தில் குத்தகையாளரோடு பேசுவது மனைவிதான்.

“அண்ணே, இந்தச் சுவரை இன்னும் ரெண்டு அடி தள்ளிப் போட முடியுமா?”

“போட்டுடலாம்மா. கணக்கைப் பிறகு பார்த்துக்கலாம்.”

இப்படி ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாக வைத்துக் கொள்வோம். பேசிய தொகை 42,000 வெள்ளி. வேலை முடிந்து வந்த பில் 56,800 வெள்ளி. அண்ணே என்று அழைத்த வாய் அடைத்துப் போகிறது. கணவர் ஒரு காசு கூடக் கூடுதலாகத் தர மாட்டேன் என்கிறார். குத்தகையாளர், முழுப் பணம் வராமல் கேட்டைப் பொருத்த மாட்டேன் என்கிறார்.

சட்டத்தின் கண்ணில் இருவர் நிலையும் சரியில்லை. மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். சுவரைத் தள்ளச் சொன்னது உண்மை, தள்ளியதும் உண்மை. இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்த வேலையின் பலனை அனுபவிப்பவர் அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்று அதே சட்டத்தின் 71ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே ‘எழுத்தில் இல்லை, தர மாட்டேன்’ என்பது எடுபடாது.

அதற்காக, பில்லில் எழுதியதெல்லாம் கடனாகி விடாது. இங்கேதான் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆவது பிரிவு கை கொடுக்கிறது. ஒரு சேவைக்கு முன்கூட்டியே விலை பேசப்படவில்லை என்றால், நியாயமான விலைக்கு மேல் தரப் பயனீட்டாளர் கடமைப்பட்டவர் அல்லர். எந்த வேலைக்கு விலை பேசினோம், எதற்குப் பேசவில்லை என்பதை முதலில் பிரிக்க வேண்டும். பேசிய விலை கசந்தாலும் பேசியதுதான். அதை இந்தப் பிரிவு குறைத்துத் தராது.

கழிக்க மறந்த கணக்கு

பில்லில் பெரும்பாலும் தவறு நுழையும் இடம் கூட்டலில் அல்ல, கழித்தலில். தரை ஓட்டைப் பாருங்கள். பழைய பேச்சில் சதுர அடி 4 வெள்ளி 50 காசு ஓடு. நடுவில் வீட்டுக்கார அம்மா 9 வெள்ளி ஓட்டைத் தேர்ந்தெடுக்கிறார். 300 சதுர அடிக்கு, உடைசலையும் சேர்த்து 330 சதுர அடி ஓடு வேண்டும். பில்லில் ‘புதிய ஓடு 2,970 வெள்ளி’ என்று வருகிறது. ஆனால் பழைய ஓட்டின் விலையான 1,485 வெள்ளி ஏற்கெனவே அந்த 42,000க்குள் இருக்கிறது. கூடுதலாகக் கேட்க வேண்டியது 1,485 வெள்ளி மட்டுமே. ஓடு பதிக்கும் கூலியும் முன்பே பேசியதில் அடக்கம். அதை இன்னொரு முறை போட்டிருந்தால் கேள்வி கேட்கலாம். புதிய ஓடு அளவில் பெரியது, பதிக்கக் கூடுதல் ஆள் தேவைப்பட்டது என்றால் அந்த வித்தியாசத்தைத் தருவதுதான் முறை. சின்னக் குத்தகையாளர்கள் பலர் ஹார்டுவேர் கடையில் கடன் சொல்லிச் சாமான் எடுத்து வேலை செய்கிறவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

ஜன்னலுக்குப் பதில் கண்ணாடிக் கதவு வைத்திருந்தால், வைக்காத ஜன்னலின் விலை கழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாமான் வாங்கிய ரசீதைக் கேட்பதில் வெட்கமில்லை. அதே வேலைக்கு வேறு இரண்டு குத்தகையாளர்களிடம் எழுத்தில் விலை வாங்கினால், நியாயமான விலை எது என்பதற்கு அதுவே சான்றாகும்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் இரண்டு வீடுகள் கட்டச் சொன்னவர்கள் வாய்மொழியாக 42 மாற்றங்கள் கேட்டார்கள். சண்டை அந்நாட்டின் தலைமை நீதிமன்றம் வரை போனது. 2019 அக்டோபரில் வந்த தீர்ப்பில், அந்த மாற்றங்களுக்கு அம்மாநில வீடு கட்டும் சட்டம் அனுமதிக்கும் அளவில்தான் பணம் கேட்கலாம் என்று நீதிபதிகள் சொன்னார்கள். மாற்றங்களை எழுத்தில் கொடுக்கச் சொல்லும் சட்டம் அது. நம் ஒப்பந்தச் சட்டம் எழுத்தைக் கட்டாயமாக்கவில்லை. அதனால் இங்கே வாட்ஸ்அப் செய்தியும், தேதியோடு எடுத்த படமும்தான் பேசும். அன்று மாலையே, “அண்ணே, சுவர் இரண்டு அடி கூடுது, இவ்வளவு வெள்ளி என்று சொன்னீங்க, சரிதானே?” என்று ஒரு வரி அனுப்பியிருந்தால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்திருக்கும்.

ஐந்து வெள்ளியில் ஒரு வழக்கு

பில் வந்த பிறகு கோபத்தில் முழுத் தொகையையும் நிறுத்தி வைப்பது நல்லதல்ல. ஒப்புக் கொள்ளும் தொகையைக் கொடுத்துவிட்டு, எந்தெந்த வரியை ஏற்கவில்லை, ஏன் என்பதைக் கடிதமாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

பேச்சு முறிந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. தொடக்கத்தில் 10,000 வெள்ளி வரை விசாரித்த இம்மன்றத்தின் வரம்பு 2003இல் 25,000 ஆகவும், 2019இல் 50,000 ஆகவும் உயர்ந்தது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. பொதுவாக வழக்கறிஞர் வாதாட அனுமதியில்லை. வீட்டுக்காரரும் குத்தகையாளரும் நேரில் வந்து பேச வேண்டும். மன்றம் முதலில் சமரசத்துக்கே முயலும். ஒப்பந்தத்தை மாற்றவும் பணத்தைத் திருப்பித் தரவும் அதனால் உத்தரவிட முடியும். உத்தரவை 14 நாளுக்குள் நிறைவேற்றாதது குற்றம்.

இங்கே வழக்குத் தொடரும் உரிமை பயனீட்டாளருக்கு மட்டுமே. குத்தகையாளர் தம் பங்குக்கு எதிர்க்கோரிக்கை வைக்கலாம். ஆனால் அவர் முந்திக் கொண்டு அதே விஷயத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டு போய்விட்டால், மன்றத்தின் கதவு மூடிவிடும். ஆகவே கடிதத்துக்குப் பதில் வரவில்லை என்றால் காத்திருக்க வேண்டியதில்லை. உரிமை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். மனுவோடு ஒப்பந்தத் தாள், பில், பணம் கட்டிய ரசீதுகள், வாட்ஸ்அப் உரையாடலின் நகல், மற்றக் குத்தகையாளர்கள் தந்த விலை ஆகியவற்றை இணைக்க வேண்டும்.