மீட்டாத தந்தி ஏன் பாடுகிறது?

சென்ற ஆண்டு விழாவில் நான் வாசித்த மின்கிட்டாரின் கழுத்தில் ஒரு கறுப்பு ஹேர்பேண்டு மாட்டியிருந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். "அலங்காரமா?" என்று தோழியர் கேட்டனர். "அவசரத்தில் சடையில் போட வேண்டியதை அதில் போட்டுவிட்டாளோ?" என்று ஒரு தோழியின் தாயார் சிரித்தாராம். அது அங்கே வந்த கதை இதுதான்.

அதற்கு முந்திய கிறிஸ்துமஸ் விழாவில் நான் வாசித்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். நினைவில்லையென்றால் மிக்க மகிழ்ச்சி! ஒவ்வொரு சுரம் முடிந்த பின்னும் வேறேதோ ஒரு சுரம் ஸ்பீக்கரில் முனகிக்கொண்டே இருந்தது. இறங்கிய பின் சிஸ்டர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "அடுத்த முறை ஆர்மோனியமே போதும்மா" என்று மட்டும் சொன்னார்கள். கடிந்திருந்தாலே தேவலை. அது என் அண்ணன் தன் முதல் சம்பளத்தில் எனக்கு வாங்கித் தந்த கிட்டார்.

பழியை ஆம்ப்ளிஃபையர் மேல் போட்டேன். அப்பா அதைப் பழுது பார்ப்பவரிடம் தூக்கிச் சென்றார். கோளாறு ஒன்றுமில்லை என்று அது திரும்பி வந்தது. விடை கிடைத்தது நம் அறிவியல் ஆய்வுக்கூடத்தில். ஒரே அதிர்வெண் கொண்ட 2 இசைக்கவைகளைப் பெட்டிகளின் மேல் பொருத்தி, ஒன்றைத் தட்டிக் கையால் பிடித்து நிறுத்தினால், தொடாத மற்றது பாடும். இதுவே ஒத்ததிர்வு. என் கிட்டாரிலும் இதுதான் நடந்திருக்கிறது!

கிட்டாரின் 6 தந்திகள், தடித்ததிலிருந்து தொடங்கி, வினாடிக்கு ஏறக்குறைய 82, 110, 147, 196, 247, 330 முறை அதிர்பவை. வீணையில் மெட்டு என்கிறோமே, கிட்டாரில் அதற்கு ஃபிரெட் என்று பெயர். 247 தந்தியை 5ஆம் ஃபிரெட்டில் அழுத்தி மீட்டினால் 330 அதிர்வுகள் வரும். உடனே மெல்லிய 330 தந்தி விழித்துக்கொள்ளும். அது மட்டுமன்று, 110ஐ மூன்றால் பெருக்கினாலும் 330. 82ஐ நான்கால் பெருக்கினாலும் ஏறக்குறைய அதுவே. ஆகவே அந்த இரு தந்திகளும் சேர்ந்து முனகும்.

இதை வீட்டில் சோதித்தேன். எல்லாத் தந்திகளின் நடுவிலும் சிறு காகிதத் துண்டுகளை மடித்துக் குதிரை போல் உட்கார வைத்து, 247 தந்தியை மட்டும் பலமாக மீட்டினேன். மெல்லிய தந்தியின் காகிதம் விழுந்தது. 110இன் காகிதம் நடுங்கியது. தடித்த தந்தியின் காகிதமோ அசையவே இல்லை. கணக்குத் தவறா என்று குழம்பிப் போனேன். பிறகுதான் புரிந்தது: அத்தந்தி 4 துண்டுகளாக அதிரும்போது அதன் நடுப்புள்ளி கணு ஆகிவிடுகிறது, அங்கே அசைவிராது. காகிதத்தைச் சற்றுத் தள்ளி வைத்தேன், நடுங்கியது. அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

சாதாரண கிட்டாரிலும் இது உண்டு. ஆனால் மின்கிட்டாரில் தந்திகளுக்குக் கீழே உள்ள காந்தமும் கம்பிச்சுருளும் சேர்ந்த பிக்கப் ஒவ்வொரு நடுக்கத்தையும் பிடித்து ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பிவிடுகிறது. டிஸ்டார்ஷன் வைத்தால் சிறு முனகலும் பெரிய சுரத்தோடு போட்டி போடும். சிதாரிலும் சாரங்கியிலும் இதே அதிர்வுக்காகவே அடியில் தனித் தந்திகள் கட்டுகிறார்கள் என்பது வேடிக்கை. அங்கே விருந்தாளி, இங்கே அழையாத விருந்தாளி!

அடக்கும் வழி கைகளில்தான் இருக்கிறது. வலக்கையின் அடிப்பகுதி, மீட்டாத தடித்த தந்திகளின் மேல் மெல்லப் படிந்திருக்க வேண்டும். இடக்கைச் சுட்டுவிரலின் நுனி மேலேயுள்ள தந்தியைத் தொட, அதன் தட்டையான பகுதி கீழேயுள்ள மெல்லிய தந்திகளின் மேல் சாய்ந்திருக்க வேண்டும். அழுத்தக் கூடாது, தொட்டால் போதும். எழுதுவது எளிது, எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. என் கிட்டார், 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரைப் போன்ற அமைப்பு உடையது. அதன் முதுகிலுள்ள ஸ்பிரிங்குகளும் மெல்லப் பாடின. அவற்றினிடையே ஒரு துண்டு ஸ்பாஞ்சைச் செருகினேன்.

ஹேர்பேண்டு முதல் ஃபிரெட் அருகே இருந்து, அழுத்தாத தந்திகளை அடக்குகிறது. விரல் அழுத்திய தந்திக்கு அதனால் தடையில்லை, ஏனெனில் ஒலிக்கும் பகுதி விரலுக்கு அப்பால் இருக்கிறது. மைக்கேல் ஜாக்சனின் குழுவில் வாசித்த ஜெனிஃபர் பாட்டன் என்ற பெண்மணி இவ்வேலைக்கென்றே ஒரு கருவியை வடிவமைத்தார். நமக்கு ஹேர்பேண்டு போதும்.

ஒத்திகையில் சிஸ்டர் கண்களை மூடிக் கேட்டார்கள். பிறகு ஆர்மோனியத்தை உறையிட்டு வைக்கச் சொன்னார்கள். இரண்டாவது பாட்டுக்கு முன் நான் ஹேர்பேண்டை மேலே தள்ளிவிட்டதைச் சிலர் கவனித்திருக்கலாம். அப்பாட்டில் அழுத்தாத தந்திகளையும் மீட்ட வேண்டியிருந்தது. அது இருந்தால் அவை தொப்பென்று ஒலிக்கும்.