உறைவது சுவருக்கு வெளியேதான்

டொராண்டோவில் ஜனவரி மாதம் தரை பாறையாக இறுகிக் கிடக்கும்போதும், வீட்டுக்கு அடியில் தண்ணீர் ஊறிக்கொண்டுதான் இருக்கும். அங்கே உறைபனி மண்ணுக்குள் ஏறத்தாழ 1.2 மீட்டர்வரை இறங்கலாம் என்று கணக்கிட்டு, அஸ்திவாரத்தை அதற்கும் கீழே போடுகிறார்கள். அவ்வளவு தோண்டிய பள்ளம் பெரும்பாலும் பேஸ்மென்ட் ஆகிவிடுகிறது. தமிழர்கள் நிறைய வாழும் ஸ்கார்பரோவில் பல வீடுகளின் பேஸ்மென்டில் இன்னொரு குடும்பம் வாடகைக்கு இருக்கும். அங்கே தண்ணீர் புகுந்தால் நனைவது அவர்களுடைய படுக்கை.

இதைத் தடுக்கத்தான் சம்ப் பம்ப். அஸ்திவாரத்தைச் சுற்றிப் புதைத்த துளைக்குழாய் நிலத்தடி நீரை ஒரு குழிக்குக் கொண்டுவரும். நீர் ஏறினால் மிதவை ஸ்விட்ச் பம்பை ஓட்டும். ஒரு தடவைக்கு 30 லிட்டர்போல வெளியே தள்ளும்.

குழியும் பம்பும் வீட்டின் கதகதப்பில் இருப்பதால் அவை உறைவதில்லை. ஆபத்து, அந்த நீரை வெளியேற்றச் சுவரைத் தாண்டிச் செல்லும் குழாயில்தான். மண்ணுக்குள்ளிருந்து வரும் நீர் உறைநிலையைவிடச் சில டிகிரி கூடுதலாகவே இருக்கும். வேகமாகப் பாயும்போது உறைய நேரம் கிடையாது. பம்ப் நின்றபின் குழாயின் பள்ளங்களில் தங்கும் கொஞ்சம் நீர்தான் உறைகிறது. அடுத்த முறை பம்ப் ஓடி நின்றதும் அதன்மேல் இன்னொரு படலம். இப்படிச் சிறுகச் சிறுக வாய் அடைபடும். பிறகு பம்ப் ஓடினாலும் நீர் நகராது. மோட்டார் சூடேறி நின்றுவிடும், அல்லது புகைந்துபோகும். குழியில் நீர் மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும்.

ஆகவே அக்டோபரிலேயே செய்ய வேண்டிய முதல் வேலை, கோடையில் புல்தரைமேல் இழுத்துவிட்ட நெளிநெளியான ஹோஸைக் கழற்றுவது. அதன் ஒவ்வொரு நெளிவும் நீரைப் பிடித்துவைக்கும். உள்பக்கம் வழுவழுப்பான பிவிசி குழாயை, எங்கும் தொய்வில்லாமல் வெளிநோக்கிச் சரித்து வைத்தால் பம்ப் நின்றதும் நீர் முழுதும் வடிந்துவிடும். சுவரை ஒட்டி, பக்கவாட்டில் துவாரங்கள் உள்ள ஓர் இணைப்பையும் பொருத்திக்கொள்ளலாம். முனை அடைபட்டாலும் நீர் அந்தத் துவாரங்கள் வழியே கொட்டும். சுவரோரம் நீர் விழுவது நல்லதல்லதான். பேஸ்மென்ட் மூழ்குவதற்கு அது எவ்வளவோ தேவலை. முனை நடைபாதையைப் பார்த்தும் இருக்கக் கூடாது. அங்கே உறையும் நீரில் யாராவது வழுக்கி விழுவார்கள்.

பிறகு குழியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, மிதவை தடையின்றி எழுகிறதா, வெளியே நீர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். குழியின் அடியில் படிந்த சேற்றையும் சரளையையும் அள்ளிவிட வேண்டும்.

பேட்டரியில் ஓடும் மாற்றுப் பம்ப் வீண் செலவு என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் மின்சாரம் போனால் பம்பும் நின்றுவிடும். 2013 டிசம்பரில் உறைமழை பெய்து மரக்கிளைகள் மின்கம்பிகள்மேல் முறிந்து விழுந்தபோது, டொராண்டோவில் சுமார் 3 லட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. கிறிஸ்துமஸ் கழிந்தும் பலருக்கு மின்சாரம் வரவில்லை. பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும் என்றாலும், ஜெனரேட்டருக்கு ஏற்பாடு செய்ய அந்த அவகாசம் போதும்.

பம்புக்கு மிகக் கடுமையான வேலை வருவது குளிரின் கடைசியில். மார்ச்சில் பனி உருகி, மழையும் சேர்ந்துகொண்டால் அஸ்திவாரத்தைச் சுற்றி நீர் பெருகும். வெளிக்குழாயில் பழைய பனிக்கட்டி அப்போதும் மிச்சமிருக்கலாம். பிப்ரவரியில் வெயில் அடிக்கும் ஒரு நாளில் வாளிச் சோதனையை இன்னொரு முறை செய்துவிடுவது நல்லது.