பல்லிற் குடியிருக்கும் பாதரசம்

"பல் போனாற் சொல் போச்சு" என்பது நம் முன்னோர் மொழி. பல்லைக் காக்க முனைந்த மனிதன், சூத்தை விழுந்த குழியை அடைப்பதற்குத் தேர்ந்தெடுத்த பொருள்களுள் ஒன்று பாதரசம். நஞ்சென்று நாம் அஞ்சும் அதனை வாயினுள்ளே வைத்தது எவ்வாறு? வைத்ததை இப்பொழுது எடுத்துவிட வேண்டுமா?

அண்மையில் மாணவன் ஒருவன் வகுப்பு முடிந்தபின் என்னிடம் வந்து, "சேர், அம்மாவின்ர பல்லில பாதரசம் கிடக்குதாம். உடனே எடுத்துப்போட வேணுமோ?" என்று கேட்டான். அவன் தாய் கருவுற்றிருக்கிறார் என்பதையும் தயக்கத்துடன் கூறினான். அவனுக்கு விடை கூறுமுன் நான் ஆராய்ந்தறிந்தவற்றையே ஈண்டுத் தருகிறேன்.

வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவற்றின் தூளைப் பாதரசத்துடன் சேர்த்துப் பிசைந்தால், முதலில் மெழுகுபோலக் குழைந்து, பின் கல்லென இறுகும் கலவையொன்று கிடைக்கும். இதுவே இரசக்கலவை. இதன் நிறையில் ஏறத்தாழ அரைப்பங்கு பாதரசமேயாம். மலிவும் உறுதியும் வாய்ந்த இக்கலவை உலகெங்கும் பரவியது. ஆயினும் ஐயமும் உடன் வளர்ந்தது. 1840இல் அமெரிக்காவில் தோன்றிய பல் வைத்தியர் சங்கம், இதனைக் கையாளுவதில்லையென உறுதிமொழி தருமாறு தன் உறுப்பினரை வற்புறுத்தியது. அப்பிணக்கு முற்றி, 1856இல் அச்சங்கமே கலைந்தது. 1926இல் அல்பிரெட் ஸ்ரொக் என்னும் ஜேர்மனிய இரசாயன அறிஞர், ஆய்வுகூடத்துப் பாதரச ஆவியால் தாம் பல்லாண்டு தலைவலியும் மறதியும் உற்று வருந்தியதை எழுதி, பல்லடைப்பையும் எச்சரித்தார்.

உண்மை யாது? மெல்லும்போதும் பல்லைக் கடிக்கும்போதும் அடைப்பிலிருந்து மிகச் சிறிதளவு ஆவி எழுகின்றது. இதனை எவரும் மறுத்திலர். ஆனால் அமெரிக்காவிலும் போர்த்துக்கலிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறுவரைப் பல்லாண்டு அவதானித்து 2006இல் வெளியான இரண்டு ஆய்வுகள், இரசக்கலவை வைத்தோர்க்கும் பிற அடைப்பு வைத்தோர்க்கும் அறிவாற்றலிற் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. 2020இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் கருவுற்றோர், பாலூட்டுவோர், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள், நரம்பு நோயாளர், சிறுநீரக நோயாளர் முதலியோர்க்குப் புதிதாக இதனை வைப்பதைத் தவிர்த்தல் நன்று என்றது. அதேவேளை, பழுதின்றியிருக்கும் பழைய அடைப்பை மருத்துவத் தேவையின்றி அகற்றற்க என்றும் அறிவுறுத்தியது.

இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரணுவனபோலத் தோன்றலாம். காரணம் எளிது. பாதரசம் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாவது. வெப்பம் ஏறினால் மேலும் விரைந்தெழும். அடைப்பைத் துளைக்கும் கருவியின் உராய்வு அதனைச் சூடாக்கிப் பொடியாக்குகிறது. சும்மா இருக்கையில் சிறிதளவே வெளிவந்த ஆவி, அச்சில நிமிடங்களிற் பெருகி எழுகின்றது. மூச்சுடன் சென்ற ஆவியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு உடலிலே தங்கிவிடும். அது பாதியாகக் குறைவதற்கு இரண்டு மாதமளவு செல்லும். அஞ்சி அகற்றப் புகுந்தவர், அஞ்சிய பொருளையே மிகுதியாக உட்கொள்ள நேரிடும்.

எனினும் அடைப்பு வெடித்தாலும், ஓரம் விலகினாலும், அதன் கீழே புதிதாகச் சூத்தை விழுந்தாலும், அதனால் ஒவ்வாமை உண்டென மருத்துவர் உறுதிசெய்தாலும் அகற்றுதல் இன்றியமையாதது. அப்பொழுது கைக்கொள்ளத்தக்க முறைகள் சில உள. சிகிச்சைக்குரிய பல்லை மாத்திரம் வெளியே விட்டு, வாயின் ஏனைய பகுதியை மெல்லிய றப்பர்த் திரையால் மறைத்தல் ஒன்று. துளைக்கும்போது குளிர்ந்த நீரை இடைவிடாது பாய்ச்சுதல் மற்றொன்று. வலிமைமிக்க உறிஞ்சு குழாயைப் பல்லருகே பிடித்து ஆவியையும் துகளையும் இழுத்தல் பிறிதொன்று. அடைப்பு முழுவதையும் அரைத்துப் பொடியாக்காது, சிலவிடத்து வெட்டிப் பெருந்துண்டுகளாகப் பெயர்த்தெடுத்தல் யாவற்றினும் சிறந்தது. யன்னல்கள் திறந்திருத்தலும் வேண்டும். நோயாளி மூக்கின் வழியே தூய காற்றைப் பெறச் செய்வாரும் உளர். இவற்றைப் பற்றிப் பல் வைத்தியரிடம் பணிவுடன் முன்கூட்டியே கேட்பதில் நாணமெதுவுமில்லை. "உடலிலுள்ள பாதரசத்தை இறக்குகிறோம்" என்று விற்கப்படும் மருந்துகளை மாத்திரம் மருத்துவரின் சொல்லின்றித் தொடாதீர்கள்.

பெயர்த்த துண்டுகளும் கழுநீர்க் குழாயிற் போகத் தக்கனவல்ல. மூடிய கொள்கலத்திற் சேர்க்கத் தக்கன. நீர்நிலையடைந்த பாதரசம் நுண்ணுயிர்களால் மாற்றமுற்று, மீன்வழியே மீண்டும் நம் உணவிற் புகும். யப்பானிய ஊராகிய மினமாட்டாவின் பெயரால் 2013இல் எழுந்த பாதரச உடன்படிக்கையில் இலங்கையும் சேர்ந்துள்ளது. 2025இல் ஜெனீவாவிற் கூடிய அதன் உறுப்பு நாடுகள், 2034ஆம் ஆண்டுடன் இரசக்கலவைப் பல்லடைப்பைக் கைவிட இணங்கின. பல்லின் நிறமுடைய பிற அடைப்புகள் இப்போதே வழக்கிற்கு வந்துவிட்டன.

மாணவனுக்கு நான் கூறிய விடை இதுதான்: "அம்மாவின் அடைப்பு நல்ல நிலையிலிருந்தால் இப்பொழுது அதனைத் தொட வேண்டாம். பிள்ளை பிறந்து, பாற்குடியும் மறந்தபின் ஆறுதலாக யோசிக்கலாம். இடையில் வலி கண்டால் ஒளிக்காமல் பல் வைத்தியரிடம் போகட்டும். கருவுற்றிருப்பதை முதலிற் சொல்லட்டும்."

அவன் முகம் தெளிந்தது. பாதரசத்துக்கு அஞ்சுவது அறிவுடைமையே. அவ்வச்சத்தால் அவசரப்படுவது அறிவுடைமையன்று.