39 டாலர் 60 சென்ட் காதல்

1935 பிப்ரவரி 27. லாஸ் ஏஞ்சலீஸில் ஆஸ்கர் விழா களைகட்டியிருந்தபோது, சிறந்த நடிகைக்கான போட்டியில் இருந்த கிளாடெட் கோல்பெர் ரயில் நிலையத்தில் இருந்தார். ‘நமக்கெங்கே கிடைக்கப்போகிறது’ என்று ஊருக்குக் கிளம்பிவிட்டார். ஆள் அனுப்பி அழைத்துவந்தார்கள். பயண உடுப்போடே விருதை வாங்கிக்கொண்டு மறுபடி ரயிலைப் பிடிக்க ஓடினார்.

அவர் அப்படி நினைத்ததில் வியப்பில்லை. ‘இட் ஹாப்பன்ட் ஒன் நைட்’ (1934) படத்தில் நடிக்க முன்னணி நடிகைகள் பலர் மறுத்துவிட்டார்கள். வழக்கத்தைவிட இரு மடங்காக 50,000 டாலர் சம்பளம், நான்கே வாரத்தில் படப்பிடிப்பு என்ற நிபந்தனைகளோடுதான் கோல்பெர் ஒப்புக்கொண்டார். நாயகன் கிளார்க் கேபிளோ எம்ஜிஎம் ஸ்டுடியோவிலிருந்து கொலம்பியா ஸ்டுடியோவுக்கு இரவலாக வந்தவர். இப்படிச் சேர்ந்தவர்களை வைத்து ஃபிராங்க் காப்ரா எடுத்த படம், சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை என ஐந்து பெரிய விருதுகளையும் அள்ளியது. அதுவரை எந்தப் படமும் அப்படி அள்ளியதில்லை.

கதை எளிது. அப்பாவுக்குப் பிடிக்காத ஒருவனை மணந்துகொண்ட கோடீஸ்வரர் மகள் எல்லி, ஃபுளோரிடாவில் அப்பாவின் படகிலிருந்து கடலில் குதித்துத் தப்பி, நியூயார்க் பஸ்ஸில் ஏறுகிறாள். பக்கத்து இருக்கையில் வேலை பறிபோன பத்திரிகை நிருபர் பீட்டர். அவளைக் காட்டிக்கொடுக்காமல் ஊர் சேர்ப்பான். பதிலுக்கு அவள் கதை அவனுக்கு. இதுதான் ஒப்பந்தம்.

அமெரிக்காவில் நான்கில் ஒருவருக்கு வேலையில்லாத காலம் அது. பஸ்ஸில் ஒரு தாய் பசியில் மயங்கி விழ, இவர்கள் கையிலிருந்த பணம் அவள் மகனிடம் போகிறது. அதன்பிறகு நடை, பட்டினி, வைக்கோல் படுக்கை. படத்தின் சிரிப்பெல்லாம் இந்தக் கையறு நிலையில்தான் முளைக்கிறது. குளிக்க வரிசையில் நிற்கவேண்டும் என்பதே எல்லிக்குப் புதுச் செய்தி. டோனட்டைக் காபியில் எவ்வளவு நேரம் தோய்க்கலாம் என்று அவளுக்குப் பாடம் நடத்துகிறான் பீட்டர். கட்டைவிரல் காட்டி வண்டி நிறுத்துவதிலும் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அளக்கிறான். ஒரு வண்டியும் நிற்கவில்லை. எல்லி பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கியதும் அடுத்த கார் கிரீச்சிட்டு நிற்கிறது.

இரவுக்கு ஒரே அறை. கணவன் மனைவி என்று பொய் சொல்லித் தங்குகிறார்கள். நடுவே கயிறு கட்டிக் கம்பளியைத் தொங்கவிட்டு, அதற்கு ‘எரிகோவின் மதில்’ என்று பைபிள் பெயர் வைக்கிறான் பீட்டர். தேடிவந்த துப்பறிவாளர்கள் கதவைத் திறக்கும்போது இருவரும் நிஜத் தம்பதிபோல் கூச்சலிட்டுச் சண்டை போடுகிறார்கள். வந்தவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை! படம் முழுக்க இவர்களுக்குள் ஒரு முத்தம்கூட இல்லை. கம்பளிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடக்கும் பேச்சுதான் காதல். ராஜ்கபூர்–நர்கிஸ் ஜோடியின் ‘சோரி சோரி’ (1956) தொடங்கி, எத்தனையோ படங்கள் இந்தப் பயணத்தைத் திரும்பப் போயிருக்கின்றன.

பின்னால் வந்த பல படங்கள் தவறவிட்ட ஒரு காட்சி கடைசியில் இருக்கிறது. மகளைக் கண்டுபிடித்துத் தருபவருக்கு 10,000 டாலர் என்று அப்பா அறிவித்திருக்கிறார். அவள் வீடு திரும்பியபின் பீட்டர் வருகிறான். பரிசுக்குத்தான் வந்திருக்கிறான் என்று எல்லி கொதிக்கிறாள். அவனோ வழிச்செலவுக் கணக்கை நீட்டுகிறான்: 39 டாலர் 60 சென்ட். அதற்கு மேல் ஒரு சென்ட்கூட வேண்டாம் என்கிறான். பணக்கார வீட்டுப் பெண்ணைக் காதலிக்கும் ஏழை நாயகர்கள் பணத்தைத் தூசாக மதித்து வசனம் பேசுவார்கள். இவன் செலவைச் சென்ட் கணக்கில் எழுதிக் கொடுக்கிறான். 10,000 டாலரை வேண்டாம் என்பவன் நல்லவன். 39 டாலர் 60 சென்ட்டை விடாமல் கேட்டு வாங்குபவன்தான் குடும்பம் நடத்தத் தோதானவன் என்பது, பணத்தையே பார்த்து வளர்ந்த அந்த அப்பாவுக்கு உடனே புரிந்துவிடுகிறது.