ராஜ்யமில்லாத பாஷை

ராஜ்யமும் சேனையும் இல்லாத பாஷை நிலைக்குமோ என்று ஐயுறுவோர், லிடியா ஜாமென்ஹாப் அம்மையாரின் சரித்திரத்தை அறிதல் வேண்டுமென்பது நமது கருத்து.

அவர் தந்தை டாக்டர் ஜாமென்ஹாப் 1887-ல் வார்ஸா நகரில் எஸ்பெராண்டோவை வெளியிட்டார். இலக்கண விதிகள் 16, விலக்கு ஒன்றுமில்லை. தாய்மொழியை அகற்றுவதன்று, இரண்டாம் பாஷையாக நின்று பல தேசத்தாரையும் சமமாய்ப் பேசச் செய்வதே அதன் நோக்கம்.

பாதிரியார் ஆந்த்ரேயோ செ வகுத்த முறைப்படி, மாணவரின் தாய்மொழியைக் கையாளாமலே, வினாவிடையாக லிடியா பல தேசங்களில் அதைப் போதித்தார். சாதுவான இவ்வேலையைக் கண்டும் அதிகாரவர்க்கம் அஞ்சிற்று. 1922-ல் பிரான்ஸ் தன் பள்ளிகளில் இப்போதனையைத் தடுத்தது. 1936-ல் நாஜிகள் ஜெர்மனியிலிருந்த எஸ்பெராண்டோ சங்கங்களைக் கலைத்தனர். 1937-ல் அமெரிக்கா சென்று போதித்த லிடியா, மேலும் தங்க அனுமதி பெறாமல் அடுத்த ஆண்டே போலந்து திரும்பினார். 1942-ல் திரெப்ளிங்கா முகாமில் நாஜிகள் அவரைக் கொன்றனர்.

ஹிட்லரின் ராஜ்யம் 12 வருஷங்களில் மண்ணாயிற்று. அவ்வம்மையார் போதித்த பாஷையோ இன்றும் போதிக்கப்படுகிறது. பாஷைக்கு அரண் துப்பாக்கியன்று, ஆசிரியரே என்பதை நாம் மறத்தலாகாது.