சிஸ்டம் ரீஸ்டோர் மீட்டுத் தராதது

முல்லைத்தீவில் ஓர் அம்மா, காணாமல் ஆக்கப்பட்ட தன் மகனைப் பற்றி என் கமராவுக்கு முன் ஒரு மணிநேரம் பேசியிருந்தார். அவர் இன்று உயிரோடில்லை. மடிக்கணினியில் இடம் போதாமல் துப்புரவு செய்தபோது, அந்தக் காணொளி இருந்த கோப்புறையை ஷிப்ட் விசையோடு அழித்துவிட்டேன்.

பதறிப்போய் சிஸ்டம் ரீஸ்டோர் செய்தேன். பலரைப் போல நானும் அது கோப்புகளையும் மீட்கும் என்றே நினைத்திருந்தேன். அது விண்டோஸின் அமைப்புகளையும் ட்ரைவர்களையும் நிறுவிய மென்பொருட்களையும்தான் முந்தைய நாளுக்குக் கொண்டுபோகும். கணினி மக்கர் பண்ணும்போது உதவும். அழித்த காணொளியைத் தராது.

பென் டிரைவில் பிரதி இருக்கிறதே என்று செருகினேன். படங்கள் இருந்தன, காணொளி இல்லை. பாட்32 முறையில் போர்மட் செய்த டிரைவ், எவ்வளவு இடமிருந்தாலும் 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிக் கோப்பை ஏற்காது. அன்று வந்த எச்சரிக்கையை வாசிக்காமலே 'ஸ்கிப்' கொடுத்திருக்கிறேன். எக்ஸ்பாட்டுக்கு மாற்றினால் சரி. மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழியும். முதலில் வேறிடத்தில் எடுத்துவையுங்கள்.

மடிக்கணினியின் எஸ்எஸ்டியில் அழித்ததை மீட்பது பெரும்பாலும் முடியாது. அழிந்த இடத்தை அது தானாகவே வெறுமையாக்கிவிடும். என்னைக் காப்பாற்றியது கமராவின் மெமரி கார்ட். அதிலும் அழித்திருந்தேன், ஆனால் பிறகு எதையும் பதியவில்லை. போட்டோரெக் என்ற இலவச மென்பொருள் காணொளியை எடுத்துத் தந்தது. புதிதாக ஏதும் பதிந்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

இப்போது இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க் வைத்திருக்கிறேன், ஒன்று வவுனியாவில் அக்கா வீட்டில். பிரதி எடுத்ததும் ஒவ்வொரு காணொளியையும் அங்கிருந்தே திறந்து, கடைசி நிமிடம்வரை ஓடவிட்டுப் பார்க்கிறேன்.