டிஜேவின் காது, ஸ்டூடியோவின் காது

இசைக்கருவிக் கடையில் ஹெட்ஃபோன் கேட்டால் இரண்டு பெட்டிகளை எடுத்து வைப்பார்கள். ஒன்றின் மேல் 'டிஜே' என்றிருக்கும், மற்றதன் மேல் 'ஸ்டூடியோ மானிட்டர்'. விலையிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. "எதுல சவுண்டு நல்லா இருக்கும்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். அதை மாட்டிக்கொண்டு என்ன வேலை பார்க்கப் போகிறோம் என்று யோசித்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

முதலில் டிஜே. அரங்கில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, மிக்ஸரில் கியூ பட்டனை அழுத்தி அடுத்த பாட்டைத் தன் காதுக்கு மட்டும் வரவழைக்கிறார். அதன் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இறக்கி, இரண்டு பாட்டின் பீட்டும் ஒரே இடத்தில் விழும்படி செய்கிறார். ஒரு காதில் வரப்போகும் பாட்டு, திறந்திருக்கும் மறு காதில் ஓடும் பாட்டு. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நியூயார்க் கிளப்களில் பிரான்சிஸ் கிராஸோ போன்றவர்கள் வளர்த்தெடுத்த வித்தை இது.

சுற்றிலும் 100 டெசிபல் இரைச்சல் இருக்கும்போது குரலின் நயமெல்லாம் அவருக்குத் தேவையில்லை. கிக் டிரம் எப்போது விழுகிறது என்பது தெளிவாகக் கேட்க வேண்டும். அதனால் டிஜே ஹெட்ஃபோன் வெளிச்சத்தம் புகாத மூடிய வகையாக இருக்கும். தலையை இறுக்கிப் பிடிக்கும். பேஸ் சற்றுத் தூக்கலாக ஒலிக்கும். 1988-இல் வந்த சென்ஹைசர் எச்டி 25 இதற்கு நல்ல உதாரணம். எடை சுமார் 140 கிராம். ஒரு பக்கக் கப்பைக் காதிலிருந்து பின்னால் திருப்பிவிடலாம். தலைப்பட்டை இரண்டாகப் பிரிந்து பிடிப்பதால் நழுவாது. வயரோ பஞ்சோ கெட்டால் அதை மட்டும் வாங்கி மாற்றிக்கொள்ளலாம்.

ப்ளூடூத் இங்கே உதவாது. நிமிடத்துக்கு 120 பீட் என்றால் ஒரு பீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே 500 மில்லிவினாடி. சாதாரண ப்ளூடூத்தில் ஒலி 100 முதல் 200 மில்லிவினாடி தாமதமாக வரும். அதை நம்பி பீட் சேர்த்தால் ஆடுபவர்களின் கால் தடுமாறும்.

ஸ்டூடியோவில் ஹெட்ஃபோனுக்கு இரண்டு வேலைகள். மைக் முன்னால் நிற்கும் பாடகருக்கு மூடிய வகைதான் சரி. தாளத்துக்காகக் காதில் ஓடும் க்ளிக் ட்ராக் வெளியே கசிந்தால் மைக் அதையும் பிடித்துக்கொள்ளும். பாட்டு அடங்கி மூச்சு மட்டும் கேட்கும் இடத்தில் 'டிக், டிக்' என்று ஒலித்தால் பிறகு அதை நீக்குவது பெரும்பாடு. 1991-இல் வந்த சோனி எம்டிஆர்-7506 பல ஸ்டூடியோக்களில் இந்த வேலைக்கென்றே தொங்குகிறது.

பதிவு முடிந்து மிக்ஸிங்குக்கு உட்கார்ந்தால் தேவை மாறுகிறது. பேஸ் தூக்கலான ஹெட்ஃபோனில் மிக்ஸ் செய்வது, நிறக்கண்ணாடி போட்டுக்கொண்டு புடவை எடுப்பது போலத்தான். பேஸ் அதிகமாக இருக்கிறதென்று நினைத்துக் குறைப்போம். காரில் போட்டுக் கேட்டால் பாட்டு சப்பென்று இருக்கும். எதையும் கூட்டாமல் குறைக்காமல் காட்டும் ஹெட்ஃபோன் வேண்டும் என்பதால் இங்கே பலரும் திறந்த வகையை விரும்புகிறார்கள். 1997-இல் வந்த சென்ஹைசர் எச்டி 600-இன் வெளிப்புறம் வெறும் கம்பி வலை. காற்று தாராளமாகப் போய்வருவதால் உள்ளே ஒலி முட்டி எதிரொலிப்பது குறைவு, மணிக்கணக்கில் மாட்டினாலும் காது வியர்க்காது.

அப்படியும் ஒரு குறை உண்டு. ஸ்பீக்கரில் இடப்பக்க ஒலி வலக்காதுக்கும் எட்டும், ஹெட்ஃபோனில் எட்டாது. அதனால் இடவல விரிவு மிகையாகத் தெரியும். கடைசியாக ஒருமுறை ஸ்பீக்கரில் கேட்டுத்தான் மிக்ஸை முடிக்க வேண்டும்.

பெட்டியில் உள்ள ஓம் எண்ணையும் பாருங்கள். எச்டி 25-க்கு 70 ஓம், எச்டி 600-க்கு 300 ஓம். பின்னதைப் போல ஓம் கூடியவற்றை நேராக செல்போனில் செருகினால் ஒலி மெலிந்துதான் வரும். தனி ஆம்ப் தேவைப்படும்.

கடையில் நன்கு பழகிய பாட்டையே போட்டுக் கேளுங்கள். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் அதோடு கேட்க வேண்டும். அதன் காம்பு உண்டாக்கும் சிறு இடைவெளியிலேயே மூடிய வகையின் பேஸ் ஒழுகிவிடும். இரண்டு வேலைக்கும் ஒன்றே போதும் என்பவர்கள், கப் திரும்பக்கூடிய, பேஸ் மிகாத, மூடிய வயர் ஹெட்ஃபோனை எடுக்கலாம். ஆடியோ-டெக்னிகா எம்50எக்ஸ் அந்த ரகம்.

எதை வாங்கினாலும் ஒலியளவில் கவனம் தேவை. 85 டெசிபலை ஒரு நாளில் 8 மணி நேரம் கேட்கலாம் என்பது அமெரிக்கப் பணிநல நிறுவனமான நியாஷ் வகுத்த வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். வெளிச்சத்தத்தை நன்றாகத் தடுக்கும் ஹெட்ஃபோன் இருந்தால் டிஜே அதற்கு மேல் கத்தவிட வேண்டியதில்லை. காதும் பல ஆண்டுகள் தொழிலுக்கு உதவும்.